சிவப்பு மையில் ஒரு ஆப்சென்ட்

தொண்ணூறுகளில் நான் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். ஆசிரியர் சங்கச் செயலாளரும்கூட. விடுதியில் தண்ணீர் வராததற்காக மாணவர்கள் சாலையை மறித்த அன்று, என் வகுப்புக்கு வராதவர்களுக்கு வழக்கம்போலச் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டேன். மறுநாள் காலை முதல்வர் வருகைப் பதிவேட்டைக் கேட்டனுப்பினார். எதற்கென்று கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

மதியம் போலீஸ் வேன் வந்து ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போனது. கம்பிக்குப் பின்னாலிருந்து என் வகுப்பு மாணவன் அந்தோணி என்னையே பார்த்துக்கொண்டு போனான்.

மாலையில் சங்கம் கூடியது. கண்டனத் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். பேனா தடையில்லாமல் ஓடியது. அப்போது இயற்பியல் துறை காதர், கைதானவர்களின் பட்டியலை என் முன்னால் வைத்தார்.

“நேத்து அந்தோணியோட அக்கா கல்யாணம்லா. உவரியில கல்யாண வீட்டுல நின்னவன் பேரு இதுல எப்படிவே வந்துச்சு?”

நான் ஆப்சென்ட் போட்ட பெயர்கள்தான், என் பதிவேட்டின் வரிசையிலேயே இருந்தன.

“என் ரெஜிஸ்டர்லேருந்துதான்,” என்றேன்.

காதர் தீர்மானத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“அதையும் தீர்மானத்துல எழுதும்வே. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து நீரே சொல்லும்.”

“என் வேலை போயிரும், காதர்.”

“அவனுக்குப் படிப்பு போவுதுவே.”

எழுதினேன். ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னேன். வேலை போகவில்லை. நான்கு நாள் கழித்து அந்தோணி வகுப்புக்கு வந்தான். பெயரைக் கூப்பிட்டேன். முன்பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்தானே தவிர, பதில் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்கவே சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவன் மௌனத்துக்கு நேராக நான் பிரசன்ட் போட்டேன்.