வேண்டுதல் இல்லாத மொட்டை

என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. மகளும் கூட இருந்தாள். மனைவி அழவில்லை. வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

காரணம் இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். ஆந்திர எல்லையில் நகரியில் இருக்கிற என் மனைவியின் சித்தப்பா மகனுடைய பையனுக்கு அவளைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தோம். ஈஸ்டர் கழிந்து கல்யாணம். வேறு நோய் என்றால் பரவாயில்லை. ரத்தத்தில் நோய் என்றால் பரம்பரை என்பார்கள். அம்மாவுக்கு வந்தது பெண்ணுக்கும் வரும் என்பார்கள். டாக்டர் அப்படி இல்லை என்று சொன்னார். டாக்டர் நகரிக்கு வந்து சொல்லப் போவதில்லை.

இரண்டு மாதமாகவே ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. தொடையில் நீலம் நீலமாகத் திட்டு. கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நம்பினேன்.

முதல் மாதம் முழுக்க ஆஸ்பத்திரி. சென்னையில் அவள் தங்கைமுறை ஒருத்திக்குப் பிரசவம், உதவிக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொன்னேன். மூன்றாவது வாரம் முடி கொட்டியது. தலையணையில் கொத்தாகக் கிடக்கும். சோற்றில் வரும். வார்டு ஆயா, "முழுசா எடுத்துடும்மா, பாக்கவே கஷ்டமா கீது" என்றாள். எதிர்ச் சந்து முடிதிருத்துகிறவரைக் கூட்டிவந்து எடுத்தோம். அப்போதும் அவள் அழவில்லை. தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "லேசா இருக்குது" என்றாள்.

மாதம் முடிந்து ஊர் திரும்பி, திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினோம். தலையில் துண்டு போட்டிருந்தாள். காற்றில் நழுவிவிட்டது. நான் மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பின்னால் நிற்கிறவன் அங்கே சவாரிக்கு வந்திருந்தான். பார்த்துவிட்டான்.

"அண்ணி! இன்னா இது, மொட்டையா? முருகன் உங்களையும் இழுத்துட்டாரா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஆங்," என்றேன். "ஒரு வேண்டுதல்."

அதுதான் நான் செய்த தப்பு. இந்த ஊரில் மொட்டைத் தலையை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. சந்தனம் பூசின தலைகளைத்தான் வருஷம் முழுக்க நான் மலைக்கும் ஸ்டேஷனுக்கும் ஏற்றி இறக்குகிறேன். ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்கள். பாட்டன் காலத்துக்கு முன்பிருந்தே சபையில் இருக்கிற குடும்பம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சபை மூப்பர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மலைக்குப் போனீங்களா?"

நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"உங்க மாமியார் சாகற வரைக்கும் நம்ம கோயிலைப் பெருக்கினு இருந்தாங்க. அவங்க பொண்ணா இப்படி? ராப்போஜனத்துல அப்பம் வாங்க அம்மாவை வர வேணாம்னு சொல்லுங்க. போதகர் ஐயர் சொல்லச் சொன்னாரு."

உள்ளே இருந்து அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் போனதும் சொன்னாள்: "நல்லதாப் போச்சு. இனிமே எவளும் விசாரிக்க வரமாட்டா." யாரும் வரவில்லை. சபையின் அறுவடைப் பண்டிகைக்குச் சேர்ந்து சமைக்கிற பெண்கள் எங்கள் தெரு வழியாக வராமல் சுற்றிப் போனார்கள்.

நகரிக்காரன் போன் செய்து சிரித்தான். "பாவா, அக்கா மொட்டையாமே! சும்மா உடுங்க. எங்க வீட்ல இருக்கிறவ கூட ரகசியமா திருப்பதிக்கு வேண்டினு இருக்கா." மொட்டையால் கல்யாணம் கெடவில்லை. சொன்ன பொய் சரியாக வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த வாரம் உடம்பில் எதிர்ப்பே இருக்காது, கொதிக்க வைத்தது தவிர எதுவும் வாயில் படக் கூடாது, வெளியாட்களைக் கிட்டே விடாதீர்கள் என்று எழுதியே கொடுத்தார்கள். அந்த வாரம் கிருத்திகை. அன்றைக்கு ஸ்டேஷனில் பார்த்த ஸ்டாண்டுக்காரனும் அவன் மனைவியும் மலையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். விபூதி, பஞ்சாமிர்தம். சபை எங்களை ஒதுக்கினது அவனுக்குத் தெரியும். உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று காட்ட வந்தான். நல்ல எண்ணம்தான்.

அவன் மனைவி பஞ்சாமிர்தத்தைக் கையால் வழித்து இவள் உள்ளங்கையில் வைத்தாள். "சாப்பிடுங்க அண்ணி. சாமிக்குப் பண்ணது."

முருகனுக்கு மொட்டை போட்டவள் எப்படி வேண்டாம் என்பாள்? சாப்பிட்டாள். கையை நக்கியும் காட்டினாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல். அதனால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

மறுபடி வார்டு. மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. நாக்கில் கறுப்புக் கொப்புளம். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் விழுந்துவிட்டது, உடனே ஏற்ற வேண்டும், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும், தலைக்குள் ரத்தம் கசிந்தால் எங்கள் கையில் இல்லை என்றார்கள். கையிருப்பில் இருந்ததை அன்றைக்கு ஏற்றினார்கள். அடுத்ததுக்கு ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். நான் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவன், என்னிடம் எடுக்க மாட்டார்கள். மகளுக்கு ரத்தமே குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள்.

ரத்த வங்கிக்காரர் சீட்டைப் பார்த்தார். "ஓ பாசிட்டிவ் தானே? தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்களேய்யா. உங்களுக்குச் சொந்தக்காரங்க யாருமே இல்லியா?"

"இருக்காங்க."

"அப்புறம் இன்னா?"

வராண்டாவில் வந்து உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் வந்தாள்.

"நைனா, ஊர்ல சொல்லிடு."

"உன் கல்யாணம்?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். ரத்தம் இப்ப வேணும்."

"அம்மாவுக்கு சத்தியம் பண்ணிகீறேன்."

"நான் பண்ணல. நீ போறியா, நான் போவட்டுமா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் ரயிலில் ஊருக்கு வந்தேன். ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம் ஒன்று உண்டு. வேலை கிடைத்தது, காய்ச்சல் தீர்ந்தது என்று எழுந்து நன்றி சொல்வார்கள். நான் ஒரு நாளும் எழுந்தவன் இல்லை. அன்றைக்கு எழுந்தேன்.

"என் பொண்டாட்டிக்கு ரத்தப் புற்றுநோய். மருந்தால முடி கொட்டுச்சு. மலைக்குப் போவல. நான்தான் பொய் சொன்னேன். ஓ பாசிட்டிவ் ரத்தம் வேணும். இன்னைக்கே வேணும்."

பழக்கத்தில் யாரோ "ஆமென்" என்றார்கள்.

வெளியே மூப்பர் என் கையைப் பிடித்தார். "எங்ககிட்ட ஏன்யா சொல்லல?"

"நீங்க மலைக்குப் போனீங்களான்னுதானே கேட்டீங்க."

அவர் கையை விட்டுவிட்டார்.

சபையிலிருந்து இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள். ஸ்டாண்டுக்குப் போய் அங்கேயும் அதையே சொன்னேன். வண்டிகளை அப்படியே நிறுத்திவிட்டு ஐந்து பேர் கிளம்பினார்கள். ரயிலில் எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். பஞ்சாமிர்தம் கொண்டுவந்தவன் மட்டும் கதவோரம் போய் நின்றான். அரக்கோணம் தாண்டியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ணா. நாங்க குடுத்ததாலயா?"

"இல்ல."

"நெஜமா?"

"டாக்டரே சொன்னாரு. இல்ல."

இதுவும் பொய்தான். இதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

ஏழு பேரில் இரண்டு பேருக்கு குரூப்பே வேறு. ஒருவனுக்கு ஊசி ஏற நரம்பு சரியில்லை. இன்னொருவனிடம் குடித்தீர்களா என்று கேட்டார்கள். "நேத்து கொஞ்சமாதான் சார்" என்றான். "இவன் ஒடம்புல ரத்தம் எங்க கீது, ஏத்தினா அண்ணி எழுந்து ஆடுவாங்க" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

மூன்று பேர் தேறினார்கள். ஒரு கையில் எடுத்து, மிஷினில் பிரித்து, மீதியை உடம்புக்கே திருப்பி ஏற்றுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். முதலில் பஞ்சாமிர்தக்காரன் படுத்தான். மஞ்சள் நிறத்தில் ஒரு பை. அது அவளுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்த நாள் மற்ற இருவரும் வந்து கொடுத்தார்கள். மூன்றாவது பை ஏறின பிறகு மூக்கு ரத்தம் நின்றது.

செவ்வாய்க்கிழமை நகரியிலிருந்து போன். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "பாவா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்ல பயப்படறாங்க." சரி என்று வைத்துவிட்டேன்.

மனைவிக்கு நினைவு தெளிந்ததும் மகளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டு மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டு சொன்னே?"

"நீ செத்துடுவேன்னாங்க."

"செத்திருந்தா காய்ச்சல்ல செத்தாள்னு போயிருக்கும். கல்யாணம் நின்னிருக்காது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. மருந்து வேண்டுமானாலும் நர்ஸிடம்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். முடி ஒரு விரல் அளவு வளர்ந்தது. சபைப் பெண்கள் கஞ்சி கொண்டுவந்தார்கள், வாங்கிக்கொண்டாள். ராப்போஜனத்துக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சமையல் செய்தாள், மகளுக்குத் தலை வாரினாள். நான் செய்தது சரி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது. புருஷனுக்கு இதே நோய். பயிர்த்தொழில். யாரோ எங்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

"யாருக்கும் தெரியக் கூடாதுங்க," என்றது உட்காரும்போதே.

என் மனைவி கேட்டாள். "பொண்ணு இருக்குதா?"

"ரெண்டுங்க."

"அப்போ சொல்லாதே. யார் கேட்டாலும் சொல்லாதே."

பஸ் ஏற்றிவிடப் போகும்போது நான் அந்த அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னேன். "சொல்லிடுங்க. ரத்தம் கேக்கறதுக்கு ஆள் வேணும்." அந்த அம்மா என்னைப் பார்த்தது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டது. ஏறும் முன் என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டது.

நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை மருந்து கேட்கவில்லை. ரத்தம் கொடுக்க ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் வரிசையாக வந்தார்கள். இருந்தும் பதினோரு நாளில் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் மாமியாருக்குப் பக்கத்தில் வைத்தோம். மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அம்மா சொன்னதுதான் சரியோ என்று நான் ஒரு நாள் கேட்டேன். "சாப்பிடு நைனா" என்றாள்.

அடக்கம் முடிந்த மறு வாரம் கே.ஜி.கண்டிகை அம்மா போன் செய்தது. புருஷனுக்கு பிளேட்லெட் விழுந்துவிட்டது.

"ஊர்ல டெங்குன்னு சொல்லி வெச்சிருக்கேங்க. அதுலயும் இது விழுமாமே."

"சரிம்மா."

"உங்க ஸ்டாண்டு ஆளுங்க வருவாங்களா? வந்தா டெங்குன்னே சொல்லுவாங்களா?"

ஸ்டாண்டில் கேட்டேன். பஞ்சாமிர்தக்காரன் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "டெங்குன்னா டெங்கு. வா போலாம்" என்றான்.

ஒரு வருஷமாகப் போகிறோம். அந்த ஆள் உயிரோடு இருக்கிறார். அவர் வீட்டுத் தெருவில் யாராவது கேட்டால் டெங்கு என்கிறோம். ஒரு வருஷமாகவா டெங்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.