பெரியக்காவின் கடைசி ரீல்

ஐந்துக்குப் பத்து

கதிரைகள் மடிந்து மேலே அடிக்கும் சத்தம் கேட்டது; படம் ஓட்டுகிறவனுக்குப் படம் முடியுமுன் கேட்கக் கூடாத சத்தம் அதுதான். மெஷின் அறையின் சின்ன ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். திரையில் நெசவுக்காரி தறியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கணவன் கையில் விளக்குடன் ஒழுங்கையில் வருகிறான். கீழே முக்கால்வாசிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போகிறார்கள்.

சிட்னி ஹேமார்க்கெட்டில் சீனப் படங்கள் மட்டும் ஓடிய தியேட்டர் அது. எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஒப்பரேட்டராகச் சேர்ந்த முதல் வாரம். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் படம் ஓட்டியவன்; ஒரு கூட்டத்துக்குப் படம் பிடிக்காவிட்டால் என்ன செய்யும் என்று தெரியும். விசில் வரும், சோடா மூடி வரும். இவ்வளவு மரியாதையாக எழும்பிப் போவதை நான் பார்த்ததில்லை. ரீல்களை மாற்றி மாட்டிவிட்டேனோ என்று டப்பாக்களைத் தடவிப் பார்த்தேன். ஒழுங்கு சரியாகத்தான் இருந்தது.

டிக்கெட் கொடுக்கும் லிம் அக்காவிடம் கேட்டேன். மலேசியாவில் ரப்பர் தோட்டம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகள். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் பழகியவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை. மூன்று மணிக் காட்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் டிக்சன் தெருச் சாப்பாட்டுக் கடைகளில் சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள் என்று விளக்கினார். மத்தியான வேலை முடிந்து வருகிறார்கள். ஐந்து மணிக்கு மறுபடி குசினியில் நிற்க வேண்டும். "படம் நல்லா இல்லாம போவல அண்ணே," என்றார். "அடுப்பு பத்த வைக்கணும் லா."

மறுநாள் தெரியும் முடிவு

ஷிப்ட் வேலை பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. கல்யாண வீட்டுக்குப் போய்த் தாலி கட்டுமுன் திரும்பி ஓடியவர்கள் நீங்கள்.

நெசவுக்காரியாக நடித்த அந்த நடிகையை எல்லாரும் பெரியக்கா என்றுதான் சொன்னார்கள்; இது லிம் அக்காவின் மொழிபெயர்ப்பு. ஹொங்கொங்கிலிருந்து வரும் மற்றப் படங்கள் ஒன்றரை மணி நேரத்தில் அடித்து உதைத்து முடிந்துவிடும். பெரியக்கா நடித்தால் இரண்டு மணி பத்து நிமிடம். அவள் அழமாட்டாள், கத்தமாட்டாள். தலையை ஒரு பக்கம் திருப்புவாள். அதற்கு ஒரு முழு நிமிடம் எடுப்பாள். கூட்டம் வந்ததே அந்த நிமிடத்துக்காகத்தான். அப்படியான நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து, முடிவு எப்போதும் ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

வொங் என்று ஒரு சமையற்காரர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த புள்ளிகள். பெரியக்காவின் படம் ஓடினால் மறுநாள் காலை சந்தைக்குப் போகும் வழியில் தியேட்டர் வாசலில் வந்து நிற்பார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு தேய்ந்தவை. படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை வாசித்து நான் விளங்கிக்கொண்டதை அவருக்குச் சொல்ல வேண்டும். நெசவுக்காரி, கணவன் படியேறுமுன் தறியிலேயே செத்துவிட்டாள். அடுத்த படத்திலும் செத்தாள். ஐந்தாவது தடவை எனக்குக் களைத்துவிட்டது. அவர் வாய் திறக்குமுன்பே செத்துவிட்டாள் என்றேன். இஞ்சிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியும். எப்பிடிச் செத்தவள் எண்டு சொல்லும்."

அரண்மனையில் ஒரு பிள்ளை

ஒரு ரீலை எடுத்துவிட்டால் படம் நேரத்துக்கு முடியும் என்று முதலாளிக்கு ஒரு நாள் தோன்றியது. எதை எடுப்பது என்று கேட்டேன். ஏதாவது ஒன்று என்றார். அந்த வாரம் பெரியக்கா அரசனின் ஆசைநாயகியாக நடித்த படம். நாலாவது ரீலில் பெண்கள் கூடியிருந்து துணி தைப்பதைத் தவிர ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. அதை எடுத்து மேசைக்கடியில் வைத்தேன்.

அவர்கள் தைத்தது பிள்ளைச் சட்டை என்பதை நான் கவனிக்கவில்லை. மூன்றாவது ரீலின் முடிவில் பெரியக்கா குளக்கரையில் தனியாக நின்றாள். அடுத்த காட்சியில் நாலு வயதுப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். படம் சரியாக ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முடிந்தது. ஆனால் யாருடைய பிள்ளை என்று கூட்டம் வாக்குவாதப்பட்டதில், அவள் செத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இனி ரீல்களின் ஒழுங்கில் கை வைத்தால் எனக்கு வேலை இல்லை என்று முதலாளி சொன்னார், தான் சொல்லித்தான் எடுத்தேன் என்பதை மறந்து. பரிமாறுகிற ஒருவர் மட்டும் தெருவுக்குப் போகாமல் நின்று என்னிடம் முறையிட்டார்: "நான் மூத்திரத்துக்குக்கூட எழும்பேல்லை. அந்தப் பிள்ளை எப்ப பிறந்தது?"

படகுக்காரி

வொங்குக்கு டப்போவில் ஒரு கடையில் தலைமைச் சமையற்காரர் வேலை கிடைத்தது. ரயிலில் அரை நாளுக்கு மேல் பயணம்; அந்த ஊரில் சீனப் படம் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் போகிறார். பெரியக்காவின் புதுப்படமும் அதே நாள் மெல்பர்னுக்குப் போகிறது. புதன்கிழமை காலை வந்து, கடைசி நாளும் தனக்கு ஐந்து மணி அடுப்புத்தான் என்றார். பிறகு, கடைசி ரீலை முதலில் ஓட்ட முடியுமா என்று கேட்டார். ஒரு முடிவையாவது தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். வேலை போய்விடும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

வியாழன் மூன்று மணிக்குக் கடைசி ரீலான ஏழாவதை மாட்டினேன். லிம் அக்காவுக்கு மட்டும் சொன்னேன். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைவுபடுத்தினார். பிறகு, முதலாளி அன்று பல் டொக்டரிடம் போயிருப்பதையும் சொன்னார். அது பத்து நிமிட ரீல். விடியற்காலை, பனிமூட்டம். பெரியக்கா தனியாகப் படகை ஆற்றின் நடுவுக்கு வலித்துக்கொண்டு போகிறாள். தலையைத் திருப்பிக் கரையைப் பார்க்கிறாள். படகின் அடியில் ஓட்டையை அடைத்திருந்த துணியை இழுத்து எடுக்கிறாள். பிறகு தண்ணீர் மட்டும். அதன்பின் முதலாவது ரீல் தொடங்கியது. கீழே ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

ஐந்துக்குப் பத்துக்கு ஆறாவது ரீலைத் தொடக்கிவிட்டு, விடைகொடுக்கக் கீழே வந்தேன். வொங் வாசலில் நின்றார். அவரோடு பத்துப் பன்னிரண்டு பேர். முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. "சாகிறதைப் பார்த்திட்டன்," என்றார். "ஏன் செத்தவள்?"

காரணம் ஆறாவது ரீலில் இருந்தது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மெஷினை ஓடவிட்டு ஒப்பரேட்டர் வெளியே போகக் கூடாது. வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய நெருக்கிவிட ஆள் வேண்டும். நான் அவர்களோடு தெருவில் நடந்தேன், ஆறாவது ரீலைச் சொல்லிக்கொண்டே. ஊருக்குள் பட்டாளம் வந்துவிட்டது, அவளுடைய தம்பி ஆற்றின் நடுவே தீவில் ஒளிந்திருக்கிறான், ஊரில் இருப்பது அந்த ஒரு படகுதான், விடிந்ததும் பட்டாளத்தை ஏற்றிப்போகச் சொல்லி உத்தரவு. முன்னால் போனவர்கள் நடையைக் குறைத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு ஒருவர் சீனத்தில் சொன்னார். கடையின் பின்கதவுக்கு வந்தபோது ஐந்து தாண்டிவிட்டது. உள்ளே யாரோ வொங்கைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கம்பி வலைக் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றார். "படகுக்காரிக்கு நீந்தத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் ஓடி வந்தபோது ரீல் முடிந்து, அதன் நுனி சக்கரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மீந்திருந்த மூன்று பேர் வெறும் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தபடி பொறுமையாக இருந்தார்கள். கார்பனை நெருக்கிவிட்டு, ஏழாவது ரீலை எடுத்து மறுபடி மாட்டினேன். ஐந்து வருடம் அங்கே வேலை பார்த்து ஒரு படத்தையாவது ஒழுங்காக முடித்தாயா என்று கேட்டால், ஒன்றை இரண்டு தடவை முடித்தேன் என்றுதான் சொல்ல முடியும்.