ஓரத்தில் ஓர் ஆரஞ்சு வெளிச்சம்

அபிஷேகப்பாக்கம் வயலில் நின்று இரவில் நான் எடுத்த ஓரியன் நெபுலா என்ற விண்முகிலின் படங்களில் ஒரு புதிர். முதல் சில படங்களின் ஓரத்தில் ஆரஞ்சு வெளிச்சம், அப்புறம் சட்டென்று சுத்தமான இருட்டு. பனி விலகியிருக்கும் என்று இந்த வானியல் படக் குழுவில் பலர் சொன்னீர்கள். நானும் நம்பிவிட்டேன்.

இன்று பஸ்ஸில் பக்கத்து வயல் செல்வியக்கா சொன்னார்:

"நீ கேமராவ வெச்சிக்னு நின்னியா, தொந்தரவா இருக்குமேன்னு மோட்டார் கொட்டா லைட்ட நான்தாம்பா அணைச்சேன்."

"அப்புறம் இருட்டுல எப்படிக்கா தண்ணி கட்டினீங்க?"

"தடவிக்னுதான். வரப்புல ஒருக்கா வுழுந்தேன்."

போனில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பஞ்சுக்கா வுழுந்தேன்?"

என்ன லென்ஸ், என்ன டிராக்கர் என்று வழக்கம்போலக் கேட்பீர்கள். முதலில் செல்வியக்கா என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.