திரும்பிப் போன சாக்ஸ்

சித்தி துணிக்கடையில் உள்ளாடைப் பிரிவில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க நின்றே கழியும் கால்களுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு கொடு என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். ஞாயிறு விடிந்தால் சித்தி ஒரு பழைய வேனில் ஏறிப் போய்விடுவாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, புண்ணுக்குக் கட்டு மாற்றும் சின்னக் குழு. சம்பளம் கிடையாது. சித்தி, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி, வண்டி ஓட்டும் 'கப்பல்'. ஆடி அசைந்து ஓட்டுவதால் நர்ஸ் வைத்த பெயர் அது.

ஒரு மழைக்காலத்தில் அவர்கள் பார்த்துவந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். கப்பல் இடிந்துபோனார். பழகிய முகமெல்லாம் போய்விடுகிறது, மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றார். மற்ற இருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. அவர் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

"புத்தி சொன்னா அவரு கேக்க மாட்டாரு. தன்னையும் யாரோ நெனைக்கறாங்கன்னு தெரியணும், அவ்வளவுதான்," என்று சித்தி என்னிடம் சொன்னாள். அவருடைய வெடித்த குதிகாலை அவள் கவனித்திருந்தாள். நல்ல பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கி, யாரும் பார்க்காதபோது ஓட்டுநர் இருக்கையில் வைத்தாள். நர்ஸின் முகமும் வாடித்தான் இருந்தது. அவள் பைக்குள் ஒரு பூப்போட்ட கைக்குட்டை போயிற்று.

அங்கேதான் பிசகியது. நோயாளி வீட்டில் எதையும் வாங்கக் கூடாது என்பது குழுவின் கண்டிப்பு. சில வீட்டார் நன்றி தாளாமல் வண்டியில் எதையாவது போட்டுவிடுவார்கள். அப்படி ஏதும் கிடந்தால், கடைசியாகப் போன வீட்டில், அவர்கள் மனம் நோகாதபடி சத்தமில்லாமல் வைத்துவிட்டு வருவது வழக்கம். அன்று கடைசியாகப் போன வீட்டார் போட்டது என்று நினைத்து, கப்பல் சாக்ஸைக் கொண்டுபோய் அந்த வீட்டுச் சன்னலோரம் வைத்தார். நர்ஸ் கைக்குட்டையை மேசைமேல் வைத்தாள். அது ஒரு தச்சர் வீடு. முதுகில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவர். யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அடுத்த வாரம் கம்பளிக் குல்லா. அதுவும் தச்சர் வீட்டுக்கே போயிற்று. கப்பலின் முகத்திலும் மாற்றமில்லை, காலிலும் சாக்ஸ் இல்லை. "அந்த மனுஷனுக்கு எது குடுத்தாலும் கெணத்துல போட்ட கல்லுடி," என்று சித்தி அலுத்துக்கொண்டாள். ஆனாலும் வைப்பதை நிறுத்தவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு மூவரும் தச்சர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையில் குல்லா. காலில் சாக்ஸ். வாராவாரம் நீங்கள் ஏதாவது வைத்துவிட்டுப் போகிறீர்கள், ஞாயிறு என்றால் காலையிலேயே ஷேவ் செய்துவிடச் சொல்கிறார் என்றாள் அவர் மனைவி. தச்சர் கப்பலைப் பார்த்துக் காலை அசைத்துக் காட்டினார்.

"நல்லாருக்கு தம்பி. அடுத்த வாட்டி கருப்புல கொண்டா. இது அழுக்குத் தாங்கல."

கப்பல் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கப்பலைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்ததெல்லாம் இந்த வீட்டுப் பொருளே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு இருவரும் சேர்ந்து சித்தியைப் பார்த்தார்கள். அவள் குனிந்து, என்றைக்கும் இல்லாத சிரத்தையோடு கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். கப்பல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டியில் ஏறியதும், "எனக்கு எந்தக் கலரா இருந்தாலும் சரிதாங்க்கா," என்றார். நின்றுகொள்ளும் பேச்சு அதோடு போயிற்று. அன்று வீட்டுக்கு வந்த சித்தி, தேர்தலில் ஜெயித்தவள்போலக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ கேட்டாள்.

அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் இப்போது நிறையப் பேர், நான்கு வண்டிகள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சித்தி இறந்துபோனாள். மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் கப்பல் தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தார். இன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் பாக்கி இருக்கின்றன, ஆனால் இந்த நேரத்தில் எப்படிக் கிளம்புவது என்று இழுத்தார்.

அம்மா முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அப்பறம் என்ன நின்னுக்கிட்டு? அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, கெளம்புங்க."