தொப்பிக்கு ஜோடி

செருப்புத் தைக்கும் கடையைத் தாண்டும்போது தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறினால் போதும், எங்கள் மொட்டை மாடியும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடும். கூடவே என் வயிற்றெரிச்சலும்.

ஒன்பதாவது படிக்கும் மகளை, பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்காகப் போனில் ஒரு சிரிப்புப் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். வேலூர்க் கோட்டையில் வெள்ளைக்காரன் மாட்டச் சொன்ன புதுத் தொப்பியைச் சிப்பாய்கள் மறுத்த கதை. வீட்டில் எழுதுகிறவள் நான். கேட்காமலே வசனம் எழுதி நீட்டினேன். அதில் அகழி பேசியது, மதில் பேசியது, நிலா பேசியது.

"எல்லாம் பேசுதும்மா. சிப்பாய் எப்போ பேசுவான்?" என்றவள், மாதனூரில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டாள்.

அவனுக்கு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலை. துண்டுத் தோலோடு வந்து இறங்கினான்.

"இன்னா தொர, இந்தத் தொப்பிய மாட்டுனா குடுமிய எங்க வெக்கிறது? பாக்கெட்லயா?" என்று சிப்பாயாகப் பேசிக் காட்டினான். மகள் தரையில் உருண்டு சிரித்தாள். பெற்றவளுக்கு ஒருநாளும் கிடைக்காத சிரிப்பு.

படத்தில் துரை தன் தலையில் மாட்டிக் காட்ட ஒரே ஒரு தொப்பிதான் வேண்டும். இவனோ ஒன்றை வெட்டி, அளவு அட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொன்றையும் வெட்டி ஒட்டியிருந்தான். ஒன்றில் இறகு இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம்.

"தலைக்கு ஏது மாமா லெஃப்ட்டு ரைட்டு?"

"கைப்பழக்கம் கண்ணு. கம்பெனில ஒத்தையா வெட்டுனா சூப்பர்வைசர் கத்துவாரு."

அந்தத் தப்பும் அவளுக்கு இனித்தது. கதையில் துரைகள் இரண்டு பேர் ஆனார்கள்.

"ரெண்டாவது தொர யாரு?" மகளின் கண் என்னைத் தாண்டிப் போனது.

"உங்கம்மா கீதே."

"அம்மாவா? அழுவ வெச்சிடும்."

நான் தொப்பியைப் பிடுங்கி மாட்டினேன். அது மூக்கு வரை இறங்கியது. கண் தெரியாமல் நடந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிக்கு சல்யூட் வைத்தேன். மகள் சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த போன் ஆடியது. நெஞ்சு நிறைந்தது. தொப்பியின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தேன். அவள் அவன் தோளில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பி வண்டியை உதைத்தான்.

"எடிட்டிங்குக்கு அடுத்த ஞாயிறு வர்றேன்கா."

"வேணாம்டா. நாங்களே பாத்துக்கிறோம்."

"உனக்குத் தெரியுமாக்கா?"

"கத்துக்கிறேன். நீ கெளம்பு."