செத்த ஸ்பிரிங்

என் வீட்டுக்காரர் கடை ஷட்டர் பழுதுபார்ப்பவர். வாயைத் திறந்தால் ஸ்பிரிங் பேச்சுதான். ஷட்டரைக் கீழே இழுக்கும்போது நாம் போடும் பலத்தையெல்லாம் மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு வாங்கி வைத்துக்கொள்ளுமாம். தூக்கும்போது திருப்பித் தருமாம். அதனால்தான் அவ்வளவு கனமான தகடு ஒற்றைக் கையில் எழும்புகிறது என்பார். நான் கோபத்தில் பேசாமல் இருந்தால் என்னையும் முறுக்கின ஸ்பிரிங் என்று கேலி செய்வார். கேலியை மட்டும் தள்ளி நின்றுதான் செய்வார்.

அவர் தாடையில் ஒரு வடு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்பிரிங் கொடுத்தது. அன்றிலிருந்து முறுக்கை இறக்காமல் ஒரு போல்ட்டையும் தொடமாட்டார்.

அன்றைக்குப் பார்த்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. என் தம்பி தனியாகப் போனான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், சமீபத்தில்தான் இவரோடு சேர்ந்திருந்தான். அடுத்த தெரு மருந்துக்கடையிலிருந்து எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, ஷட்டர் தூக்கவே வரல. ஸ்பிரிங் செத்துப்போச்சுன்னு கடைக்காரர் சொல்றாரு. கழட்டப் போறேன், மாமாகிட்ட சொல்லிடு."

சொன்னேன். படுத்திருந்த மனிதர் விருட்டென்று எழுந்தார். ஸ்பிரிங் உடைந்தால்தான் செத்தது. தகடு சிக்கிக்கொண்டாலும் ஷட்டர் எழும்பாது, ஆனால் உள்ளே முறுக்கு முழுசாக இருக்கும், போல்ட்டைக் கழட்டினால் சீறி அடிக்கும் என்றார். பாழாய்ப்போன கடைக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். தம்பிக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டோம். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே அவர் ஓடினார். பின்னால் நான்.

தம்பி ஏணி மேல் நின்றிருந்தான். போல்ட் கழன்றதும் உருளை வேகமாகச் சுழலப் பார்த்திருக்கிறது. பெரிய ரெஞ்சைப் போட்டு இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தியிருக்கிறான். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ஏன் வேலையை நிறுத்திவிட்டான் என்று கீழே கடைக்காரர் அலுத்துக்கொண்டிருந்தார். தம்பி பிடித்திருப்பதால்தான் தன் தலையில் இரும்பு விழாமல் இருக்கிறது என்பதே அந்த ஆளுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் கையைப் பிடித்து அப்பால் இழுத்தேன்.

நான் கத்தப் போனேன். இவர் என் வாயைப் பொத்தினார்.

"மாப்ள, விட்றாத. நான் வரேன்," என்றார், தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுவதுபோல.

பக்கத்துக் கடை மேசையை இழுத்துப்போட்டு ஏறினார். ஏறும்போது வலியில் பல்லைக் கடித்தது தெரிந்தது. இவர் போல்ட்டை மறுபடி மாட்டி முடுக்கினார். அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"முடுக்கிட்டேன். இப்போ விடு மாப்ள."

அவன் விடவில்லை. இவர்தான் அவன் கையை மெல்லப் பிரித்து எடுத்தார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். தம்பி இறங்கி வந்தான். ரெஞ்சு மேலேயே தொங்கியது; இவன் விரல்கள் இன்னும் அதைப் பிடித்திருப்பதுபோல மடங்கியபடியே இருந்தன. நான் ஒவ்வொன்றாக நீவினேன்.

"அக்கா, விட்டுட்டேனா?" என்று கேட்டான்.

"விட்டுட்டடா," என்றேன். திட்ட வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.