வைரக்கண்ணு வைத்த அம்மன்

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு ஊர். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், சொல்லாமலே விடலாம். அந்த ஊரில் வைரக்கண்ணு என்று ஒரு மனிதர். விவரம் தெரிந்த நாள் முதல் எந்தச் சாமிக்கு முன்னாலும் கை குவிக்காதவர். சித்திரை வெயிலில் வயலில் நின்றாலும் கறுப்புச் சட்டைதான். அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டால், செத்துப்போனது யார் என்று விசாரிக்க ஊர்க் காக்கையெல்லாம் கூடிவிடும் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பா வீரையன் பண்ணையாளாக இருந்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் மிஞ்சிய நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, மெயின் ரோட்டுக்குத் தெற்கே மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், அவருக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பட்டா வந்த வருஷம் நட்ட நாற்றை மிராசுதார் ஆட்கள் பிடுங்கி எறிந்தார்கள். மறுவருஷம் விளைந்த கதிரை அறுத்துக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த வருஷம் வீரையன் அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே படுத்துக் காவல் காத்து, அறுத்து, அடித்து, முதல் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மிராசுதார் தெரு வழியாக நடந்தார். வேண்டுமென்றே செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த நடைக்கென்றே வாங்கிய செருப்பு, காலுக்குச் சின்னது. தெருக்கோடி வருவதற்குள் குதிகாலில் ரத்தம். முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை. அப்படி வந்த நிலம் அது.

நிலத்துக்கு ஒரு குறையும் இல்லை, தண்ணீரைத் தவிர. தண்ணீர் வராமல் இல்லை. வந்த விதம்தான் குறை. ரோட்டுக்கு வடக்கே வாய்க்கால். வாய்க்கால் கரையில் ஒரு புளியமரம், மரத்தடியில் மதகு. மதகில் புகுந்த தண்ணீர் ரோட்டுக்கு அடியில் குழாய் வழியாக வந்து வைரக்கண்ணுவின் வயலில் விழும். கும்பகோணம் பஸ்ஸெல்லாம் அந்த மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற டீக்கடையில் நிற்கும். டிரைவர் டீ குடிக்க இறங்குவார். ஆண்பிள்ளைப் பயணிகள் மரத்து மறைவுக்கு இறங்குவார்கள். தஞ்சாவூரில் ஏறும்போது வராதவனுக்குக்கூட அந்தப் புளியமரத்தைக் கண்டால் வந்துவிடும்.

நடவுக்கு இறங்கிய பெண்கள் ஒருநாள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவள் வேறு யாருமில்லை, வைரக்கண்ணுவின் மனைவி அம்சம்.

"பஸ்ஸு பஸ்ஸா எறங்கி ஊத்திட்டுப் போறானுவோ. இந்தத் தண்ணியில காலை வைக்கச் சொல்றீங்களா? வேணும்னா உங்க கட்சிக்காரங்களைக் கூட்டியாந்து நடுங்க."

வைரக்கண்ணு பலகை ஒன்று எழுதி மரத்தில் அடித்தார். 'பகுத்தறிவுள்ள மனிதன் இங்கே சிறுநீர் கழிக்க மாட்டான்.' வந்தவர்கள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே காரியத்தை முடித்தார்கள். முன்பெல்லாம் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள், படிக்க ஒன்று கிடைத்ததால் கூடுதலாக நின்றார்கள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்னால் வைரக்கண்ணு எழுந்தார். மாட்டுக்கொட்டகை கட்டி மிஞ்சிய செங்கல் மூன்றை எடுத்தார். அம்சத்தின் டப்பாவிலிருந்து மஞ்சளும் குங்குமமும் அள்ளிக்கொண்டார். மதகுக்குப் பக்கத்தில் செங்கலை நட்டு, மஞ்சளைக் குழைத்துப் பூசி, பொட்டு வைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாழ்நாளில் கோழி திருடாதவன் முதன்முதலாகத் திருடிவிட்டு வருவதுபோல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

அன்றோடு மூத்திரம் நின்றது. ஒருவருக்கு ஒரேயடியாக நின்றுவிட்டது. துரைராசு என்று ஒரு பஸ் டிரைவர். வழக்கம்போல் இறங்கியவர் மஞ்சளைக் கண்டதும் பாதியில் அடக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அப்படியே கட்டிக்கொண்டது. வயிறு பானையாக உப்பி, கும்பகோணத்து வைத்தியரெல்லாம் கைவிரித்து, கடைசியில் செங்கலுக்கு முன் தேங்காய் உடைத்தாராம். காய் இரண்டாகப் பிளக்கவும் மடை திறந்த மாதிரி... அந்த வருஷம் வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருவதற்குள் கடைமடை வரை பாய்ந்தது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. எது எப்படியோ, மதகடி அம்மனின் மகிமை அங்கே தொடங்கியது.

பிறகு தகரக் கொட்டகை வந்தது. சூலம் வந்தது. சிமெண்டுக் கட்டிடம், இரும்புக் கதவு, வெள்ளிக்கிழமைப் பொங்கல் என்று வரிசையாக வந்தன. வைரக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. முதலில் தண்ணீர் சுத்தமாயிருக்கிறதே என்று சும்மா இருந்தார். பிறகு சும்மா இருந்ததற்கு வேறு காரணம் வந்தது.

ஊர்ப் பெரிய கோயிலில் தேர் ஓடும்போது வைரக்கண்ணுவின் தெருக்காரர்கள் கோடியில் நின்று பார்க்க வேண்டும். தேங்காய் தட்டு வரைக்கும் முறை உண்டு, முன்னவர் பின்னவர் உண்டு. மதகடி அம்மனுக்கு மட்டும் தாத்தன் காலத்து உரிமை என்று எவனும் வாய் திறக்க முடியவில்லை. மரத்தடியை முதலில் பெருக்கியது இந்தத் தெரு. முதல் பொங்கல் இந்தத் தெரு. முதல் கரகமும் இந்தத் தெருவுக்கே வந்தது. அந்தக் கரகத்தைத் தூக்கியவள் அம்சம். மிராசுதார்கள் குடியிருக்கும் மேலத்தெருவின் பட்டுப்புடவைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, அவள் நடுரோட்டில் ஆடிக்கொண்டே வந்ததை வைரக்கண்ணு வயலில் களை பிடுங்குகிற சாக்கில் குனிந்து நின்று பார்த்தார். அப்பாவின் சின்னச் செருப்பு ஞாபகம் வந்தது. பிடுங்கியதில் பாதி பயிர்.

தன் தெருக்காரர்களிடம் போய் "அது எங்க வீட்டுச் செங்கல்" என்று எப்படிச் சொல்வது? இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்று ஒவ்வொரு ஆடியிலும் நினைத்தார். ஒவ்வொரு ஆடியிலும் கோயில் ஒரு முழம் உயர்ந்தது.

இப்படியிருக்க, ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அளக்க வந்த இளம் இன்ஜினியர் மரத்தடியில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற வைரக்கண்ணுவிடம், "பயப்படாதீங்க பெரியவரே, கோயில் மேல கை வைக்க மாட்டோம். ரோட்டை வளைச்சுக்கிறோம்" என்றார்.

"எந்தப் பக்கம் வளைப்பீங்க?"

"தெக்குப் பக்கம்தான். அங்க என்ன இருக்கு, வெறும் வயல்தானே."

வைரக்கண்ணு திரும்பித் தெற்கே பார்த்தார். வயலில் முக்கால்வாசி ரோட்டுக்குள் போய்விடும். மீதி, மேட்டு ரோட்டுக்கும் வடிகாலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஐப்பசி மழையில் குளமாகும். இன்ஜினியர் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வைரக்கண்ணு மூன்று செங்கலைப் பார்த்தார். செங்கல் இப்போது வெள்ளிக் கவசத்துக்குள் இருந்தது.

சுற்றுச்சூழல் சம்பந்தமாக மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் பாபநாசத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் திரையில் முந்தின நாள் கல்யாணத்து மாப்பிள்ளை, பெண் பெயர்கள் தெர்மகோல் எழுத்தில் அப்படியே இருந்தன. நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மாளும் பக்கத்து நாற்காலி இன்ஜினியரும் பெரியோர் ஆசிக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. ஆய்வு செய்த கம்பெனிக்காரர் அறிக்கையைச் சுருக்கிப் படித்தார். வெட்டப்படும் மரம், தூசி, இரைச்சல் எல்லாம் சொல்லி, "சாலையின் வடபுறம் சோழர் காலத்தைச் சேர்ந்த, மக்களின் நம்பிக்கைக்குரிய மதகடி அம்மன் ஆலயம் அமைந்திருப்பதால், தென்புறம் விரிவாக்கம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று முடித்தார்.

சோழர் காலம் என்றதும் கூட்டம் கை தட்டியது. பெண்கள் வரிசையில் அம்சமும் தட்டினாள்.

கோயில் கமிட்டித் தலைவர் செல்லதுரை, வைரக்கண்ணுவுக்கு அண்ணன் மகன் முறை. மைக்கைப் பிடித்து, அம்மன் மேல் ஒரு கடப்பாரை பட்டால் தெருவே ரோட்டில் படுக்கும் என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்து வைரக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள்.

அவர் வடிகாலைப் பற்றிப் பேசினார். ரோட்டை மேடாக்கினால் தெற்கே தண்ணீர் வடியாது, தன் வயல் மட்டுமில்லை, அந்தப் பக்கம் மொத்தமும் பயிர் அழுகும், ரோடு வடக்கே போனால் தரிசுதான் போகும் என்றார். நன்றாகவே பேசினார். அதிகாரி அம்மாள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க ஐயா. ரோட்டை வடக்கே தள்ளச் சொல்றீங்க. அப்ப கோயிலை எடுத்துடலாம்ங்கிறீங்களா?" என்று கேட்டார்.

மண்டபம் முழுக்க ஒரே சமயத்தில் கழுத்தைத் திருப்பியது.

"சித்தப்பா," என்று செல்லதுரை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார், "பாத்துப் பேசுங்க."

எடுக்கலாம் என்றால் தெருவுக்குள் நுழைய முடியாது. வேண்டாம் என்றால் வயல் போயிற்று. கூடவே, கறுப்புச் சட்டையோடு நின்று சாமிக்குச் சாட்சி சொன்ன பெயரும் சேரும். எலிக்கிட்டியில் கால் மாட்டிக்கொண்ட எலியாலாவது கிட்டி வைத்தவனைத் திட்ட முடியும். வைரக்கண்ணு அம்சத்தைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சோழன் காலத்துக் கோயில் இல்லீங்கம்மா," என்றார் வைரக்கண்ணு. மைக் கீச்சிட்டது. "அதை வச்சது நான். என் கையால வச்சேன். எங்க மாட்டுக்கொட்டகையில மிஞ்சின செங்கல் மூணு. பஸ்ஸுக்காரன் என் மதகுல ஒண்ணுக்கு அடிக்கிறான்னு வச்சேன். அதுல சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. பெரிய மனசு பண்ணி ரோட்டை வடக்க போடுங்க."

சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருந்தார். கல் வரும், செருப்பு வரும், நாற்காலியாவது வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

வந்தது செல்லதுரை. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"கேட்டீங்களா! எல்லாரும் கேட்டீங்களா! காலமெல்லாம் சாமி இல்லைன்னு சொன்ன மனுசன். அவரு கையாலயே ஆத்தா தன்னை வச்சுக்கிட்டிருக்கா! ஊர்ல எத்தனை பூசாரி இருந்தான், எத்தனை ஐயரு இருந்தாரு, யாரையாவது தொட்டாளா? எங்க சித்தப்பாவை எழுப்பிவிட்டு, எங்க வீட்டுச் செங்கலைக் கேட்டு வாங்கியிருக்கா!"

"டேய், நான் மூத்திரத்துக்குடா..." என்றார் வைரக்கண்ணு. மைக் அவர் கையில் இல்லை.

பெண்கள் வரிசையிலிருந்து குலவை எழுந்தது. யாரோ ஒரு அம்மாள் அந்த இடத்திலேயே சாமியாடினாள். கறுப்புச் சட்டைக்காரன் கையால் உட்கார்ந்த அம்மன் இந்தச் சோழ நாட்டில் வேறெங்கே உண்டு? இன்ஜினியர் மேடையில் எழுந்து நின்று, ஷூவைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

கடைசியில், முறைப்படி, கூட்ட நடவடிக்கையை எல்லோரும் கேட்கும்படி வாசித்தார்கள். 'ஆலயத்தை நிறுவியவரான திரு. வைரக்கண்ணு அவர்கள் நேரில் தோன்றி ஆலயத்தின் வரலாற்றை எடுத்துரைத்தார். பொதுமக்கள் பெருந்திரளாக ஆதரித்தனர். வடிகால் பற்றிய கருத்து பரிசீலிக்கப்படும்.' டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். வைரக்கண்ணுவுக்கு மட்டும் இரண்டு சமோசா.

திரும்பும் பஸ்ஸில் அம்சம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றாள் திடீரென்று.

"என்ன தெரியும்?"

"மஞ்ச டப்பாவுல உங்க வெரல் அச்சு இருந்துச்சு. விடிஞ்சு பாத்தா கையெல்லாம் செவப்பு. பகுத்தறிவு இருந்தா கையைக் கழுவிட்டுப் படுத்திருக்கணும்."

"தெரிஞ்சுமா கரகம் தூக்கினே?"

"செங்கல்லு நீங்க வச்சீங்க. மேலத்தெருக்காரி ஒதுங்கி வழிவிட்டாளே, அதுவும் நீங்க வச்சதா?"

புளியமரம் வந்தது. டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஸ் முழுக்க ஒற்றிக்கொண்டது. பின் சீட்டுக்காரர் ஒருவர் வைரக்கண்ணுவை அடையாளம் கண்டு, அவர் காலைத் தொட வந்தார். காலை மடக்க இடமில்லாத சீட்.

"மாமனாரு நிலம்," என்றாள் அம்சம், தெற்குப் பக்கம் பார்த்து. அதற்குப் பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தத் தை அறுவடைதான் கடைசி. புல்டோசர் இறங்கியது. இப்போது ரோடு மதகடி அம்மனைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி, வீரையன் படுத்திருந்த வரப்பு மேல் ஏறி, மறுபடி நேராகிப் போகிறது. ஆடியில் அம்மனுக்குத் திருவிழா. ஊரில் முதல் மரியாதை வைரக்கண்ணுவுக்கு, மேலத்தெருவும் மறுக்கவில்லை. கறுப்புச் சட்டையோடு நிறுத்திவைத்து, தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலை போடுகிறார்கள். சட்டையைக் கழற்ற யாரும் சொல்வதில்லை. மகிமையே அதில்தானே இருக்கிறது. செல்லதுரை ஒரு பக்கமும் பூசாரி ஒரு பக்கமுமாகக் கையைப் பிடித்துக்கொள்வதால் அவரால் நகர முடியாது.

அப்படி நிற்கும்போது வைரக்கண்ணு மதகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மேட்டூர்த் தண்ணீர் வந்திருக்கும். ஒரு துளி அசுத்தம் கிடையாது. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். சுழித்துக்கொண்டு குழாய்க்குள் இறங்கி, ரோட்டுக்கு அடியில் முட்டி, போக இடமில்லாமல் திரும்பி வரும்.